அரைநிலாப் பயிர்

என் மகனுக்கு,

இதுவரை நான் உனக்கு எழுதியதெல்லாம் துண்டுக் கடதாசிதான். "சோறு மூடி வைத்திருக்கிறேன்", "மழைக்குணமாக இருக்கிறது, குடையை எடு", "இருட்ட முதல் வந்து சேர்." சின்ன வயதில் உன் பள்ளிக்கூடப் பைக்குள் செருகுவேன், பிறகு சைக்கிள் கூடைக்குள் வைப்பேன். நீ அவற்றை வாசித்தாயா, கசக்கி எறிந்தாயா என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கப் பயம். அல்லாஹ் உன்னைக் காக்கட்டும் என்ற துஆவோடு இன்றைக்குத்தான் நீளமாக ஒன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாப்பா சந்தைக்குப் போயிருக்கிறார். நீ வேலைக்குப் போய்விட்டாய். இந்தக் கடிதத்தை நான் எப்போதோ எழுதியிருக்க வேண்டும். உனக்கு மீசை அரும்பிய வருடமே எழுதியிருந்தால் உனக்கும் எனக்கும் எத்தனையோ முகச்சுளிப்பு மிச்சமாகியிருக்கும்.

வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி உனக்கு நிக்காஹ். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. ஆண்பிள்ளை கல்யாணம் முடித்தால் பெண்ணின் வீட்டுக்குப் போய்விட வேண்டும். உன் வாப்பாவும் அப்படித்தான் ஒரு தகரப் பெட்டியோடு இந்த வீட்டுக்குள் வந்தார். மகளைப் பெற்றவள் வீட்டைக் கொடுக்கிறாள், மகனைப் பெற்றவள் மகனையே கொடுக்கிறாள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், போன மாதம் சம்மாந்துறையிலிருந்து பெண் வீட்டார் வந்து நாள் குறிக்க இருந்தபோது, எல்லோரும் வட்டிலப்பம் தின்றுகொண்டிருந்த நேரத்தில் நான் உள்ளே இருந்து குரல் கொடுத்தேன்: "ஒண்டு செல்லணும். கிழமையில ரெண்டு ராவைக்கு என்ட மகன் என்ட வீட்டுலதான் படுக்கணும்."

பெண்ணின் உம்மா நல்ல மனுஷி. "அதுக்கென்ன மச்சி, உங்கட புள்ளதானே" என்றாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த யாரோ ஒருத்தி, "மாப்பிள்ளைக்கு இன்னும் பால் மறக்கல்ல போல" என்று மெதுவாகச் சொல்லிச் சிரித்தாள். அது எனக்குக் கேட்டது. உனக்கும் கேட்டிருக்கும். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அன்று எல்லோரும் போன பிறகு உன் வாப்பா கோப்பைகளை எடுத்து அடுக்கிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீ அந்தக் கிணத்தடி லைட்ட இன்னும் நூக்கல்லயா?"

எந்த விளக்கை அணைக்கச் சொல்கிறார் என்று உனக்கு விளங்கியிருக்காது. அப்போது உனக்கு நாலு வயது. அந்தக் கதையைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். அதில் வாப்பாவுக்கும் தெரியாத ஒரு துண்டு இருக்கிறது.

சூறாவளி அடித்தபோது உனக்கு மூன்று வயது. வாப்பா கடமையில் வெளியூரில் இருந்தார். கூரை ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறக்கும் சத்தம் கேட்டது, பிறகு முழுக் கூரையும் போன சத்தம் கேட்டது. நான் உன்னை நெஞ்சோடு கட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குக் கீழே விடியும் வரை இருந்தேன். விளக்கு இல்லை, நெருப்புப்பெட்டி நனைந்துவிட்டது. உன் முகம் எனக்குத் தெரியவில்லை. மூச்சு வருகிறதா என்று விரலை உன் மூக்கடியில் வைத்து வைத்துப் பார்த்தேன். அன்றோடு இருட்டுக்கும் எனக்கும் பகை. வயது இருபத்தாறு, கேம்பஸில் தாவரவியல் படித்து வந்தவள், ஆனால் மஃரிப் பாங்கோடு பொழுது பட்டதும் உன்னை மடியை விட்டு இறக்க மாட்டேன்.

அடுத்த வருடம் வீடு கட்டி முடிந்து கரண்டும் வந்ததும் நான் வாப்பாவிடம் கேட்ட முதல் சாமான் கிணற்றடிக்கு ஒரு லைட். நம் கிணற்றுக்கு அப்போது சுற்றுக்கட்டு இல்லை. "புள்ள நித்திரையில எழும்பி நடந்து கிணத்துக்குள்ள விழுந்திட்டா?" என்றேன். நீ நித்திரையில் நடந்ததே இல்லை. ஆனாலும் வாப்பா கிணற்றடியில் ஒரு தென்னங்குற்றியை நட்டு, தகரத் தொப்பி போட்டு, இருநூறு வாட்ஸ் பல்ப் ஒன்றைக் கொழுவினார். அது மாலையில் எரிந்தால் விடிந்துதான் அணையும். நம் வளவு தாண்டி வயலிலும் அரைவட்டமாக வெளிச்சம் விழும்.

உனக்குத் தெரியும், ஊரின் கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் நாம். நம் பின்வேலிக்கு அப்பால் அப்போது ஆதம்பாவா காக்காவின் வயல். உனக்கு அவரை ஞாபகம் இருக்குமோ தெரியாது. எங்களுக்கெல்லாம் மூத்தவர், அதனால் காக்கா. நெட்டையான மனிதர், சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியபடிதான் தெருவில் போவார், யாரைக் கண்டாலும் முதலில் சிரித்துவிட்டுப் பிறகுதான் யாரென்று பார்ப்பார். சூறாவளி அவருடைய நெல் வைத்த அறையைக் கூரையோடு கொண்டுபோய்விட்டது. மூட்டைகள் எல்லாம் நனைந்து முளைத்து அழுகின. வாய் கட்டிய ஒரு மண்குடத்துக்குள் இருந்த இரண்டு கொத்து அளவு விதை மட்டும் தப்பியது. அது பழைய ஆறுமாத நெல். அந்த நாளில் எல்லோரும் மூன்றரை மாதத்தில் வெட்டும் புது நெல்லுக்கு மாறிவிட்டார்கள். அவரும் மற்ற வயலெல்லாம் புது நெல்தான் விதைத்தார். ஆனால் இதை விடவில்லை. "புது நெல்லு வெள்ளம் வந்தா மூச்சடங்கிப் போகும். இது வெள்ளத்தோட சேந்து எழும்பும். ஊர்ல இது இப்ப என்னட்ட மட்டும்தான் இரிக்கி" என்பார்.

அந்த இரண்டு கொத்தையும் அவர் நம் பின்வேலியை ஒட்டிய சின்னத் துண்டில்தான் போட்டார். வேலிக்கு மேலால் தலையை நீட்டிச் சொன்னார்: "உங்கட கண்ணுக்கு முன்னால இரிக்கட்டும் புள்ள. மாடு கீடு வந்தா ஒரு சத்தம் போடுங்க. லைட்டும் எரியுது, காட்டுப் பண்டி கூட வராது." நான் "ஓம் காக்கா, பாத்துக்கிறன்" என்றேன்.

மார்கழியில் மற்ற வயலில் புது நெல் முற்றித் தை பிறக்க வெட்டியும் போட்டார்கள். ஆறுமாத நெல் எப்போதும் பிந்தித்தான் கதிர் தள்ளும், ஆகவே யாரும் கவலைப்படவில்லை. தை நடுவில் துண்டின் தூரத்து ஓரத்தில், ஒரு பாய் அகலத்துக்கு, கதிர் வந்தது. மீதி முழுவதும் இலைதான். கரும்பச்சையாக, என் இடுப்பளவு, செழித்து நின்றது. கதிர் இல்லை. வந்த அந்தக் கொஞ்சக் கதிரையும், சுற்றுவயல் எல்லாம் வெட்டியாகிவிட்டதால், கிளியும் குருவியும் கூட்டமாக வந்து இரண்டு நாளில் உருவிவிட்டன.

ஒருநாள் காலை, உன்னைக் குளிப்பாட்டத் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றேன். வாளியைத் தூக்கியபடி வயலைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வெறும் ஓரத்துக்கும் பச்சைக்கும் நடுவே ஒரு கோடு. அந்தக் கோடு வளைந்திருந்தது. எங்கள் விளக்கு இரவில் வயலில் வரைகிற அதே அரைவட்டம். பகல் வெயிலில் அந்த வெளிச்சத்தின் அச்சு பயிராக நின்றுகொண்டிருந்தது. நீ சோப்பு நுரையோடு, "உம்மா, குளிருது" என்று கத்தினாய்.

மகன், இதை நான் படித்திருந்தேன். வாசித்தது மட்டுமல்ல, கையால் செய்தும் பார்த்திருந்தேன். கேம்பஸில் இரண்டாம் வருடம், காயெல்லாம் முள்ளாகச் சீலையில் ஒட்டுமே, அந்தக் களைச்செடியைச் சட்டியில் வளர்த்துக் கொடுத்தார்கள். அது இரவு நீண்டால்தான் பூக்கும் சாதி. இரவுக்கு நடுவில் கொஞ்ச நேரம் லைட்டைப் போட்டாலும் போதும், அது இரவை இரவாக எடுத்துக்கொள்ளாது, பூக்காமல் இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். அப்படிப் பூக்காமல் நின்ற ஒரு செடியில், ஒரே ஒரு இலைக்கு மட்டும் கறுப்புக் கடதாசி உறை போட்டு நீண்ட இரவைக் காட்டினோம். மற்ற இலைகளும் நுனியும் வெளிச்சத்திலேயே இருந்தன. கொஞ்ச நாளில், உறை போட்ட இலைக்கு எட்டத்தில் இருக்கும் நுனி மொட்டு விட்டது. இரவைக் கண்டது இலை, பூத்தது நுனி. இரண்டுக்கும் நடுவே தண்டு வழியே ஏதோ செய்தி போயிருக்கிறது. பூக்கத் தயாரான செடியின் துண்டை எடுத்துப் பூக்காத செடியில் ஒட்டினாலும் இதுவும் பூக்கும் என்றார் எங்கள் விரிவுரையாளர். அந்தச் செய்திக்குப் புளோரிஜன் என்று பெயரும் சொன்னார். "பெயர் வைத்துவிட்டார்கள், ஆளைத்தான் இன்னும் பிடிக்கவில்லை" என்று சொல்லித் தானே சிரித்தார்.

ஆகவே கிணற்றடியில் நின்ற அந்தக் கணத்திலேயே எனக்கு முழுதும் விளங்கிவிட்டது. பழைய நெல்லும் அந்தச் சாதிதான். நீண்ட இரவைக் கண்டால்தான் அதன் இலை குருத்துக்குச் சொல்லி அனுப்பும். என் விளக்கு அதற்கு இரவே வர விடவில்லை. பயிருக்கு நோயில்லை, விதையில் குற்றமில்லை. சுவரிலிருந்த ஒரு சுவிட்ச்தான் குற்றம்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாளியை வைத்துவிட்டு வேலியடிக்குப் போய், "காக்கா" என்று கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. ஒருநாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, பன்னிரண்டு நாள் கூப்பிடவில்லை. சொன்னால் லைட்டை நூர்க்க வேண்டும். நூர்த்தால் இருட்டு. அவ்வளவுதான் காரணம். எனக்கு நானே சொல்லிக்கொண்டது வேறு: பிள்ளை பயப்படும், கிணறு திறந்து கிடக்கிறது, பாம்பு வரும். எல்லாவற்றையும் உன் தலையில்தான் வைத்தேன்.

அந்தப் பன்னிரண்டு நாளும் காக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் உரம் கூடிவிட்டது என்று நினைத்தார். பிறகு கண்ணூறு என்று பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கி வந்து, ஒவ்வொரு வரம்பாக நின்று தெளித்தார். வெளிச்சத்துக்குள் நின்ற பயிர் ஓதிய தண்ணீரையும் குடித்துக்கொண்டு இன்னும் பச்சையாக வளர்ந்தது. கடைசியில் ஒரு பின்னேரம் வேலிக்கு மேலால் அந்த முகம் வந்தது. முதல் தடவையாகச் சிரிக்காமல் வந்தது.

"விதை செத்துப் போச்சி புள்ள," என்றார். "சூறாவளியில உப்புக் காத்து பட்டிரிக்கி. என்ட பிழதான், குடத்த இன்னும் இறுக்கிக் கட்டியிருக்கணும். நாளைக்கு அறுத்து மாட்டுக்குப் போடப் போறன்."

அவருக்குப் பின்னால் சவரிமுத்து கத்தியைத் தீட்டிக்கொண்டு நின்றார். சொறிக்கல்முனையிலிருந்து வந்து காக்காவின் வயலில் வேலை செய்கிறவர், வாய் சும்மா இருக்காது. "மாட்டுக்கு நல்ல யோகம் காக்கா. ரெண்டு கொத்து விதையில ஒரு வண்டில் புல்லு" என்றார்.

"என்ட பிழதான்" என்ற சொல் என்னைக் குத்தியது. வாய் தானாகத் திறந்தது. "அறுக்காதீங்க காக்கா. பயிருக்கு ஒண்டுமில்ல. எங்கட லைட்தான்."

"லைட்டா?"

"ராவானா அதுக்கு இருட்டு வேணும். இருட்டிருந்தாத்தான் கதிர் வரும். நான் படிச்சிரிக்கன். இண்டைக்கே நூக்கிறன், ஒண்டரை மாசம் பொறுங்க."

காக்கா விளக்கைப் பார்த்தார், பயிரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சவரிமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். "கேட்டயளா காக்கா! நெல்லுக்கு நித்திரை வரல்லயாம். அப்ப தாலாட்டும் பாட வேணுமோ, புள்ள?"

"நீ கத்திய உள்ள வை," என்றார் காக்கா. "படிச்ச புள்ள செல்லுது."

அன்று மஃரிப்புக்கு நான் சுவிட்சில் கை வைக்கவில்லை. கதவைத் தாழிட்டு, உன் சட்டை நுனியை என் முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு படுத்தேன். கண்ணை மூடவே இல்லை. நீ அழுவாய் என்று காத்திருந்தேன். நீ ஒரு தடவை கூட எழும்பவில்லை. காலையில் முடிச்சைப் பார்த்து, "என்ன உம்மா, என்னக் கட்டி வெச்சிரிக்கீங்க? நான் ஆடா?" என்று கேட்டாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த லைட் ஒருநாளும் உனக்காக எரியவில்லை. உன் பெயரைச் சொல்லி எனக்காக எரிந்தது.

மாசி கழிந்து பயிர் கதிரை வயிற்றில் வைத்துக் குடலை கட்டியது. பங்குனியில் கதிர் தள்ளியது, வெளிச்சம் வரைந்த அதே அரைநிலா வடிவத்தில், அந்தத் துண்டு மட்டும். சுற்றிவர வெறும் அடிக்கட்டை. வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தியாகிவிட்டது. நானும் வாப்பாவும் நம் கிணற்றிலிருந்து வாளி வாளியாக இறைத்து வேலிக்கு மேலால் ஊற்றினோம். குருவிக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது, காக்கா கடற்கரைக்குப் போய்க் கிழிந்த வலை ஒன்றை வாங்கி வந்து, கம்பு நட்டுப் பயிருக்கு மேலே விரித்தார். "நெல்லுக்கு வலை போட்ட மனுஷன் கல்முனையில நீங்க ஒராள்தான் காக்கா" என்று சவரிமுத்து அதற்கும் விடவில்லை. சித்திரையில் இரண்டு கடகம் விதை நெல் வந்தது. காக்கா ஒரு பிடியை என் கையில் போட்டு, பிறகு ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்: "பாட்டன் காலத்து விதைய அந்தப் படிச்ச புள்ள காப்பாத்தித் தந்திச்சி." தெருவில், கல்யாண வீட்டில், எங்கே கண்டாலும் அதையேதான் சொல்வார். ஒவ்வொரு தடவையும் நான் தலையைக் குனிவேன். அடக்கம் என்று நினைத்தார்கள்.

வாப்பாவுக்கும் தெரியாத துண்டு அந்தப் பன்னிரண்டு நாள்தான். காக்கா மௌத்தாகி எத்தனையோ வருடமாகிவிட்டது. அவரிடம் சொல்ல எனக்கு நேரம் இருந்தது, வாய் வரவில்லை. உன்னிடமாவது சொல்லிவிடுகிறேன். தவறு செய்வது ஒரு மாதிரி. தவறு என்று தெரிந்த பிறகு, இன்னொருவர் அந்தத் தவறைத் தன் மேல் போட்டுக்கொண்டு நடப்பதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பது வேறு மாதிரி. நாளைக்கு உன் வீட்டிலும் ஏதாவது நடக்கும். உன் மனைவி "என்ட பிழதான்" என்று சொல்லும்போது அது உன் பிழை என்று உனக்குத் தெரிந்திருந்தால், பன்னிரண்டு நாள் எடுக்காதே.

கிணற்றுக்குக் கட்டுக் கட்டியாகிவிட்டது, தென்னங்குற்றியும் உக்கி விழுந்துவிட்டது. ஆனால் வாப்பா சொன்னது சரி, நான் லைட்டை நூர்க்கவில்லை, இடம்தான் மாற்றினேன். கடலுக்குக் கால் மணி நேர நடையில் வளர்ந்த உனக்கு நீந்தத் தெரியாது. உன் கூட்டாளிகள் "கிணத்து மீன்" என்று உன்னைக் கூப்பிட்டது எனக்குத் தெரியும். எண்பத்தைந்தில் கலவரம் வந்து ஊர் குழம்பிக் கிடந்தபோது எல்லா உம்மாமாரும் பயந்தார்கள், சரி. ஆனால் குழப்பம் அடங்கிய பிறகும் நான் உன்னைப் பள்ளிக்கூட வாசலில் வந்து பார்த்துக்கொண்டு நின்றேன். நீ பதினோராம் வகுப்புப் படிக்கும்போதும் நின்றேன். விளையாட்டுப் போட்டிக்கு மட்டக்களப்புக்குப் போக உன் பெயர் வந்தபோது உனக்குக் காய்ச்சல் என்று கடிதம் எழுதிக் கொடுத்ததும் நான்தான். உனக்குக் காய்ச்சல் இல்லை. நீ அன்று முழுவதும் என்னோடு கதைக்கவில்லை. நல்ல பிள்ளை, சொல்லைக் கேட்கிற பிள்ளை என்று ஊர் உன்னை மெச்சியது. வேலியடிப் பயிரையும் தெருவால் போனவர்கள் அப்படித்தான் மெச்சினார்கள், என்ன செழிப்பு, என்ன பச்சை என்று.

நேற்று அசர் தொழுதுவிட்டு நான் ஓட்டோ பிடித்துத் தனியாகச் சம்மாந்துறைக்குப் போய்வந்தேன். உன் வருங்கால மாமி கோழியைத் துரத்திக்கொண்டு நின்றாள், என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது, கல்யாணத்தைக் குழப்ப வந்துவிட்டேன் என்று நினைத்தாளோ என்னவோ. "மச்சி, நான் அண்டைக்கு ரெண்டு ராவு கேட்டன்லா, அது வேணாம்" என்றேன்.

"ஏன் மச்சி, கோவமா?"

"கோவமில்ல. புள்ள எங்கட வீட்டுல படுத்தா நான்தான் நித்திரை கொள்ள மாட்டன். மூச்சு வருதா எண்டு பாத்துக்கிட்டே இரிப்பன்."

அவள், "என்ட மகள் கூப்பிட்டா ஏழு தரம் கூப்பிட்டாத்தான் எழும்புவா. உங்கட மகன் பாவம், அவரு நித்திரை இல்லாமப் போகப் போறாரு" என்றாள். இருவரும் சிரித்தோம். அந்தக் கோழியைப் பிடித்துக் கால் கட்டி என்னிடமே தந்து அனுப்பிவிட்டாள். இன்றைக்கு நீ தின்னப் போகிற கறி அதுதான்.

அங்கே போனால் போட்டதைத் தின்னு. என் உம்மாவின் கறி இப்படி இருக்காது என்று சொல்லாதே. நினைத்தாலும் முகத்தில் காட்டாதே. கடலுக்குப் போ, முழங்கால் தண்ணீரில் இருந்தே நீந்தப் பழகு. வெட்கப்படாதே, கற்றுத் தர உன் மைத்துனன் இருக்கிறான்.

கேம்பஸில் அந்தச் செடியோடு இன்னொன்றும் செய்தோம். சொல்லாமல் விட்டுவிட்டேன். இரவைக் கண்ட இலையை உடனே வெட்டிவிட்டால் செடி பூக்காது. செய்தி புறப்படவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் பொறுத்து வெட்டினால், இலை தரையில் கிடந்து வாடினாலும் செடி பூத்துவிடும். போக வேண்டியது போயாகிவிட்டது, இனி இலை தேவையில்லை. அந்த வயதில் அதைக் கொப்பியில் எழுதி மார்க்ஸ் வாங்கினேன். இந்த வயதில் அதை நம்பப் பழகுகிறேன். நானும் வாப்பாவும் உனக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதெல்லாம் இத்தனை வருடத்தில் புறப்பட்டிருக்கும், இன்ஷா அல்லாஹ். பிந்தியாவது போய்ச் சேரும்.

அந்த வெள்ளி நீ போன பிறகு, நீ வரும் வரை எரிய விடுகிற முன்வாசல் லைட்டை நூர்த்துவிட்டுத்தான் படுக்கப் போவேன். வாப்பாவிடமும் சொல்லிவிட்டேன், அவர் நம்பவில்லை. நீ எப்போதாவது இந்தப் பக்கம் வந்து வீடு இருட்டாக இருந்தால், உம்மா படுத்துவிட்டா என்று திரும்பிப் போய்விடாதே. கதவைத் தட்டு. எனக்குக் கேட்கும்.

உன் உம்மா